கிலோபைட்டின் விலை: தொடக்ககாலத் தனிநபர்க் கணினிகளை எதைக்கொண்டு அளப்பது?

1975 முதல் 1984 வரையிலான பத்தாண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உருவாகி விற்பனைக்கு வந்த தனிநபர்க் கணினிகள் இன்றைய பயனரின் கண்ணுக்குக் குறைகளின் கூட்டமாகவே தோன்றுகின்றன. ஆங்கிலத்தின் சிற்றெழுத்தைக் காட்ட மறுக்கும் திரை, ஒரு சிறு கட்டத்துக்குள் இரண்டு நிறங்களுக்கு மேல் ஏற்காத படம், அழுத்தினால் அசையாத விசைப்பலகை, கணக்கிடத் தொடங்கியதும் வெறுமையாகிவிடும் தொலைக்காட்சி, 640 கிலோபைட்டோடு நின்றுபோன நினைவகம் என்று அந்தக் குறைகளை அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றை உருவாக்கியவர்கள் தொலைநோக்கு அற்றவர்கள் என்ற தீர்ப்பும், அதற்கு நேர்மாறாக அவர்கள் அனைவரும் மேதைகள், அவர்கள் கைபட்ட எதுவும் பழுதற்றது என்ற வழிபாடும் இன்று அருகருகே நிலவுகின்றன. இரண்டுமே கருவியை அது பிறந்த ஆண்டின் கணக்குப் புத்தகத்தோடு சேர்த்துப் படிக்கத் தவறுகின்றன. ஒரு கிலோபைட் நினைவகம் அப்போது என்ன விலைக்கு விற்றது, எந்தச் சில்லு சந்தையில் கிடைத்தது, எந்தச் சட்டம் குறுக்கே நின்றது, ஏறத்தாழ அதே பணத்தில் அதே ஆண்டில் போட்டியாளர் எதைச் செய்து காட்டினார் ஆகிய கேள்விகளுக்கு விடை தெரியாமல் ஒரு வடிவமைப்பை நல்லது என்றோ பழுதானது என்றோ சொல்ல இயலாது.

வடிவமைப்பு என்ற சொல் இங்குப் பெட்டியின் தோற்றத்தை மட்டும் சுட்டுவதன்று. எத்தனை சில்லுகளை எவ்வாறு இணைப்பது, நினைவகத்தின் எந்தப் பகுதியை எதற்கு ஒதுக்குவது, எந்த வேலையை மின்சுற்றிடம் ஒப்படைத்து எதை நிரலிடம் விடுவது ஆகிய முடிவுகள் அனைத்தும் அதில் அடங்கும். அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருந்தது. கணக்கிடும் பகுதி முழுவதையும் ஒரே சில்லில் அடக்கிய நுண்செயலியை இன்டெல் நிறுவனம் 1971இல் 4004 என்ற எண்ணோடு வெளியிட்டது. பொதுப்பயன் கணினி ஒன்றை வசதியாக இயக்கும் ஆற்றல் 1974இல் வந்த 8080 சில்லில்தான் கைகூடியது என்றாலும், அதன் பட்டியல் விலை 360 டாலராக இருந்தது. நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகெர்க்கி நகரில் எம்ஐடிஎஸ் என்ற சிறு நிறுவனத்தை நடத்திய எட் ராபர்ட்ஸ், அந்தச் சில்லை மொத்தக் கொள்முதலில் 75 டாலருக்குப் பேசி முடித்ததால்தான், பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழின் 1975 ஜனவரி அட்டையில் இடம்பெற்ற ஆல்டேர் 8800 கணினியை 397 டாலருக்கு உதிரிப் பாகங்களாக விற்க முன்வர முடிந்தது. வாங்கியவரே பாகங்களைப் பற்றவைத்துக் கட்டிக்கொள்ள வேண்டிய அந்தக் கணினியில் விசைப்பலகையும் இல்லை, திரையும் இல்லை. முகப்பிலிருந்த சிறு சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி ஒவ்வொரு கட்டளையாக உள்ளே செலுத்தி, விளக்குகள் எரிவதையும் அணைவதையும் பார்த்து விடையைப் படிக்க வேண்டியிருந்தது. அதன் தொடக்க நினைவகம் 256 பைட். இன்றைய யூனிகோடு முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் பெரும்பாலும் மூன்று பைட் எடுத்துக்கொள்வதால், அந்த நினைவகம் முழுவதிலும் 85 குறிகளே அடங்கியிருக்கும். இந்தப் பத்தியின் முதல் இரண்டு வாக்கியங்களுக்குக்கூட அது போதாது.

இத்தகைய கணினிகளைக் குறைத்துப் பேசுவோர் அடிக்கடி எடுத்துக்காட்டுவது, கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவிலிருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் 1973இல் உருவான ஆல்டோ என்ற கணினியை. சுட்டியும், சாளரங்களும், அச்சுப் பக்கம் போன்ற நெடுந்திரையும், கணினிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈதர்நெட் வலையும் அதில் அப்போதே இருந்தன. அப்படியிருக்க, நான்கு ஆண்டுகள் கழித்து 1977இல் வந்த ஆப்பிள் இரண்டு ஏன் நாற்பது எழுத்து அகலமுள்ள கரடுமுரடான திரையோடு நின்றது என்ற கேள்வி மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமானதாகவே ஒலிக்கும். கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் விடை வேறாகத் தெரியும். ஆல்டோவின் திரையில் கிடையாக 606, நெடுக்காக 808 புள்ளிகள் இருந்தன. ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்று வைத்தாலும், அதாவது கறுப்பு அல்லது வெள்ளை என்ற ஒரே தகவலுக்கு மட்டும் இடம் ஒதுக்கினாலும், திரையை மட்டும் நினைவில் வைக்க ஏறத்தாழ 60 கிலோபைட் வேண்டும். ஆப்பிள் இரண்டு 4 கிலோபைட் நினைவகத்தோடு 1,298 டாலருக்கும், 48 கிலோபைட் நினைவகத்தோடு 2,638 டாலருக்கும் விற்கப்பட்டது. இந்த இரண்டு விலைகளுக்கும் இடைப்பட்ட 1,340 டாலரைக் கூடுதலான 44 கிலோபைட்டால் வகுத்தால், வாங்குபவர் ஒரு கிலோபைட்டுக்கு ஏறத்தாழ 30 டாலர் கொடுத்தார் என்பது தெளிவாகும். அந்த விலையில் ஆல்டோவின் திரைக்கு வேண்டிய நினைவகம் மட்டும் 1,800 டாலரைத் தாண்டும். அது ஆப்பிள் இரண்டின் அடிப்படைக் கணினி முழுவதையும் விட அதிகம். ஒன்றைக் கட்டவே பத்தாயிரம் டாலருக்கு மேல் பிடித்த ஆய்வுக்கூடக் கருவியையும், ஒரு குடும்பம் தன் சேமிப்பிலிருந்து வாங்கக்கூடிய பொருளையும் ஒரே தராசில் வைப்பது முறையாகாது.

விலையின் அழுத்தம் வடிவமைப்புக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதை அதே ஆப்பிள் இரண்டின் திரை நினைவகத்தில் காணலாம். ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைத்த அந்தக் கணினியில், திரையின் முதல் வரியை அடுத்து நினைவகத்தில் இருப்பது இரண்டாம் வரியன்று. ஒன்பதாம் வரியும், அதையடுத்துப் பதினேழாம் வரியும் இருக்கும். நிரல் எழுதியவர்களை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்த இந்த ஏறுமாறான வரிசை ஒரு கிறுக்குத்தனமாகவே பலருக்குப் பட்டது. ஆனால் அதில் பயன்பட்ட நினைவகச் சில்லு ஒவ்வொரு பிட்டையும் மிகச்சிறிய மின்னூட்டமாகச் சேர்த்து வைப்பது. அந்த மின்னூட்டம் சில மில்லிநொடிகளில் கசிந்துவிடும் என்பதால், அதற்குள் ஒவ்வொரு வரிசையையும் ஒருமுறை தொட்டுப் புதுப்பித்தாக வேண்டும். பிற கணினிகள் இதற்கெனத் தனி மின்சுற்று வைத்திருந்தபோது, வாஸ்னியாக் திரையை வரையும் மின்சுற்றே நினைவகத்தைப் படித்துச் செல்லும்போது அந்த வேலையையும் செய்துவிடுமாறு முகவரிகளை மாற்றி அடுக்கினார். அதோடு 6502 நுண்செயலி ஒவ்வொரு துடிப்பிலும் பாதி நேரமே நினைவகத்தைத் தொடுகிறது என்பதைக் கவனித்து, மீதிப் பாதியைத் திரைக்கு ஒதுக்கினார். செயலியும் திரையும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுக் காத்திருக்கும் தேவையே எழவில்லை. குழப்பமான வரிசை என்பது உண்மை; ஆனால் அது பல சில்லுகளை மிச்சப்படுத்தியது, அதன் சுமையை ஒருமுறை எழுதப்பட்ட சில துணைநிரல்கள் எல்லாப் பயனர்களுக்காகவும் சுமந்தன. மின்பொறியியலின் வரலாற்றில் இதைவிடச் சிக்கனமான ஒரு முடிச்சைக் காட்டுவது எளிதன்று.

நாற்பது எழுத்து அகலத்துக்கும் காரணம் வேறெங்கோ இல்லை. வீட்டிலிருந்த தொலைக்காட்சிப் பெட்டியையே திரையாகக் கொள்ள வேண்டும் என்பது அக்காலத்து எழுதாத விதி. அந்தப் பெட்டியில் ஒரு வரிக்கு எண்பது எழுத்துகளைக் காட்டினால் அவை கலங்கிப் படிக்க முடியாமல் போகும்.

டெக்சஸின் போர்ட் வொர்த் நகரைச் சேர்ந்த டாண்டி நிறுவனம், தன் ரேடியோ ஷாக் கடைகள் வழியே 1977 ஆகஸ்ட் முதல் விற்ற டிஆர்எஸ்-80, இதே சிக்கனத்தின் மற்றொரு முகத்தைக் காட்டுகிறது. திரையும் கேசட் கருவியும் சேர்த்து 599.95 டாலருக்கு விற்ற அந்தக் கணினியின் திரையில் 64 எழுத்துகள் கொண்ட 16 வரிகள், அதாவது 1,024 இடங்கள் இருந்தன. ஒவ்வொரு இடத்திலும் எந்த எழுத்து இருக்கிறது என்பதைச் சொல்ல எட்டுப் பிட்டுகள் தேவை. அப்போதைய சில்லு ஒன்றில் 1,024 பிட்டுகள் அடங்கும் என்பதால் எட்டுச் சில்லுகள் வேண்டும். வடிவமைப்பாளர் ஸ்டீவ் லைனிங்கர் ஏழு சில்லுகளே வைத்தார். அந்த ஒரு சில்லின் குறைவால் சிற்றெழுத்துகள் திரையில் இடம்பெறாமல் போயின. கடிதம் எழுதவும் நூல் எழுதவும் எலெக்ட்ரிக் பென்சில் போன்ற சொல்செயலி நிரல்கள் பரவத் தொடங்கியபோது, பயனர்கள் பெட்டியைத் திறந்து விடுபட்ட எட்டாவது சில்லைத் தாங்களே பற்றவைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சில்லறைக் காசைப் பார்த்து எழுத்தையே இழந்த அவலம் என்று இதைப் பழிக்கலாம். எனினும் அந்த நிறுவனம் கணினி விற்குமா என்ற அச்சத்திலேயே களமிறங்கியது என்பதையும், விற்காவிட்டால் கடைக்கு ஒன்றாக இருப்புக் கணக்கு எழுதப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் தன் கடைகளின் எண்ணிக்கையான 3,500ஐ ஒட்டியே முதல் உற்பத்தியைத் திட்டமிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். யார் இதை வைத்துக் கடிதம் எழுதப்போகிறார்கள் என்பது 1977இல் யாருக்கும் தெரியாது. அறுநூறு டாலரைத் தாண்டினால் வாங்கமாட்டார்கள் என்பது கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். பொருளே பிறக்காமல் போவதைவிடக் குறையோடு பிறந்து பிறகு திருத்தப்பட்டது மேல் என்பதே இதில் எட்டக்கூடிய நேர்மையான தீர்ப்பு.

அதே ஆண்டு வந்த கமடோர் பெட் கணினியின் விசைப்பலகைக்கு இவ்வளவு இரக்கம் காட்ட முடியாது. கணிப்பான் உற்பத்தியில் பழகிய அந்நிறுவனம், கேசட் கருவியையும் பெட்டிக்குள்ளேயே பொருத்தியதால் எஞ்சிய குறுகிய இடத்தில், கணிப்பானுக்குரிய சின்னஞ்சிறு பொத்தான்களை நெருக்கி அடுக்கியது. பத்து விரல்களால் தட்டச்சு செய்யப் பழகியவர்களால் அதில் எழுதவே முடியவில்லை. அதே ஆண்டில், அதைவிட அதிகம் போகாத விலையில், டிஆர்எஸ்-80 முழு அளவு விசைப்பலகையைக் கொடுத்தது என்பதால், காலத்தின் மீது பழிபோட இங்கு இடமில்லை. 1979இல் கமடோரே முழு அளவு விசைப்பலகைக்கு மாறியது. ஒரு கருவியைப் பின்னால் வந்ததோடு ஒப்பிடுவது அநீதி. பக்கத்துக் கடையில் நின்றதோடு ஒப்பிடுவது நியாயம்.

விலையைப் போலவே சட்டமும் வடிவமைப்பின் மீது கைவைத்தது. கணினியின் மின்துடிப்புகள் வானொலி அலைகளாகக் கசிந்து அருகிலுள்ள தொலைக்காட்சிப் படத்தைக் கலைக்கும் என்பதால், தொலைக்காட்சியோடு நேரடியாக இணைக்கப்படும் கருவிகளுக்கு அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் கடுமையான விதிகளை வைத்திருந்தது. 1979இல் வந்த அட்டாரி 400, 800 ஆகிய கணினிகளின் உள்ளே மின்சுற்றைச் சுற்றிக் கனமான அலுமினிய வார்ப்புக் கூடு இருந்ததும், அவற்றின் துணைக்கருவிகள் அனைத்தும் ஒரே கம்பிவழியில் வெளியே தொடராக இணைக்கப்பட்டதும் இந்த விதிகளின் விளைவுகள். காரணம் அறியாதவருக்கு அந்தக் கூடு வீண் பாரமாகவே தோன்றும். ஆப்பிள் நிறுவனம் அதே விதியை வேறு வழியில் கடந்தது: தொலைக்காட்சியோடு இணைக்கும் சிறு கருவியைத் தான் விற்காமல் வேறொரு நிறுவனம் தனியாக விற்க விட்டது, அதனால்தான் ஆப்பிள் இரண்டு தன் எட்டு விரிவாக்கச் செருகுவாய்களோடு எளிதில் திறக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பெட்டியில் வர முடிந்தது. பின்னர் விதிகள் திருத்தப்பட்டபோது, அவற்றுக்குள் அடங்க முடியாத டிஆர்எஸ்-80 முதல் மாடல் 1981 தொடக்கத்தில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக நேர்ந்தது.

சிக்கனம் தன் எல்லைவரை சென்ற இடம் பிரிட்டனின் கேம்பிரிட்ஜ். கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் 1981 மார்ச்சில் வெளியிட்ட இசட்எக்ஸ்81, கட்டி முடித்த நிலையில் 69.95 பவுண்டுக்கும், உதிரிப் பாகங்களாக 49.95 பவுண்டுக்கும் கிடைத்தது. முந்தைய ஆண்டின் இசட்எக்ஸ்80இல் 21 ஆக இருந்த சில்லுகளின் எண்ணிக்கை, பெராண்டி நிறுவனம் தேவைக்கேற்ப வடித்துக் கொடுத்த தனிச் சில்லு ஒன்றின் உதவியால் நான்காகக் குறைந்தது. திரையை வரையத் தனி மின்சுற்று இல்லாததால் நுண்செயலியே அந்த வேலையைச் செய்தது. கணக்கை விரைவாக முடிக்க விரும்பினால் திரையை அணைத்துவிட வேண்டும், திரை தெரிய வேண்டுமென்றால் வேகம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சரியும். நினைவகம் ஒரே ஒரு கிலோபைட். 32 எழுத்துகள் கொண்ட 24 வரிகளையும் முழுதாகச் சேர்த்து வைத்தால் 768 பைட் அதிலேயே தீர்ந்துவிடும் என்பதால், எழுத்து இருக்கும் இடம்வரை மட்டும் ஒவ்வொரு வரியையும் சேமித்து, வெற்றிடத்தைச் சேமிக்காமல் விடும் முறை கையாளப்பட்டது. நகரும் பாகம் எதுவுமற்ற, தட்டையான தாள்போன்ற விசைப்பலகையில் ஒரு விசையைத் தொட்டால் ஒரு முழுக் கட்டளைச்சொல் திரையில் விழும். அந்தச் சொல் நினைவகத்தில் ஒரே பைட்டாக அமர்ந்தது. விரல்களுக்கு வேதனை தந்த அந்தப் பலகையும், நினைவகத்துக்கு அது செய்த உபகாரமும் ஒரே முடிவின் இரு பக்கங்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குள் அது நுழைந்தது. அந்த விலையில் வேறு எதுவும் நுழைந்திருக்க வழியில்லை என்பதால், அதன் குறைகள் ஒவ்வொன்றும் வாங்கியவரின் சார்பாகவே செய்யப்பட்ட முடிவுகளாகக் கருதத்தக்கவை.

சின்க்ளேரின் நிறுவனமே 1982 ஏப்ரலில் வெளியிட்ட ஸ்பெக்ட்ரம் இன்னும் நுணுக்கமான வழக்கு. ரிச்சர்ட் ஆல்ட்வாசர் அதன் மின்சுற்றை வடிவமைத்தார். திரை 256 புள்ளி அகலம், 192 புள்ளி உயரம். இந்தத் திரையில் விளையாட்டு வீரன் ஒருவன் மரத்தைக் கடந்து ஓடும்போது மரத்தின் நிறம் அவன்மீதும் அவன் நிறம் மரத்தின்மீதும் ஒட்டிக்கொள்ளும். எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டே நிறங்கள் என்ற ஏற்பாடு அதற்குக் காரணம். ஒவ்வொரு புள்ளிக்கும் எட்டு நிறங்களில் விரும்பிய ஒன்றைக் கொடுப்பதென்றால் புள்ளிக்கு மூன்று பிட் வீதம் 18,432 பைட் தேவைப்படும். 125 பவுண்டுக்கு விற்ற சிறிய மாடலின் மொத்த நினைவகமே 16,384 பைட். புள்ளிகளுக்கு 6,144, கட்டங்களின் நிறங்களுக்கு 768 என 6,912 பைட்டில் ஒரு வண்ணத் திரையை முடித்ததால்தான் நிரலுக்கு இடம் எஞ்சியது. அதே ஆண்டு 399 பவுண்டுக்கு விற்ற, ஏக்கார்ன் நிறுவனத்தின் பிபிசி மைக்ரோ ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் தர வல்லதாயினும், அந்த வகைத் திரை அதன் 32 கிலோபைட்டில் 20ஐ விழுங்கிவிட்டது, அகலமும் 160 புள்ளியாகச் சுருங்கியது. ஆக, நிறங்கள் கலப்பதைச் சகித்துக்கொள்வதா, நிரலுக்கான இடத்தையும் பையிலிருக்கும் பணத்தையும் இழப்பதா என்ற தேர்வே அந்த ஆண்டில் இருந்தது. மூன்றாம் வழி எதுவும் இல்லை. ஸ்பெக்ட்ரமின் 48 கிலோபைட் மாடலில் கூடுதலாகச் சேர்ந்த நினைவகம், சோதனையில் ஒரு பாதி தேறாமல்போன 64 கிலோபிட் சில்லுகளின் நல்ல பாதியைக் கொண்டு அமைக்கப்பட்டது என்பது, அந்தப் பொறியாளர்கள் எந்த அளவுக்குக் கழிவிலிருந்தும் பயனெடுத்தார்கள் என்பதற்குச் சான்று.

சூழல் என்பது விலையும் சட்டமும் மட்டுமன்று. வடிவமைப்பாளரின் மனக்கண்ணில் நின்ற பயனர் யார் என்பதும் அதில் அடங்கும். ஆப்பிள் இரண்டின் எழுத்துச் சில்லில் 64 வடிவங்களுக்கே இடமிருந்தது. ஆங்கிலப் பேரெழுத்துகளும் எண்களும் நிறுத்தக்குறிகளும் அதில் அடங்கிவிட்டன. ஆங்கிலத்தின் சிற்றெழுத்துக்கே இடமில்லாத அந்த அடைப்புக்குள், 12 உயிரும் 18 மெய்யும் அவை கூடிப் பிறக்கும் உயிர்மெய் வரிசைகளும் கொண்ட தமிழுக்கு வேண்டிய வடிவங்கள் நுழைய வழியே இல்லை. பயனரே வடிவங்களை வரைந்துகொள்ள ஸ்பெக்ட்ரம் 21 இடங்களையும் பிபிசி மைக்ரோ 32 இடங்களையும் தந்தன என்றாலும், ‘ஞ’, ‘ணை’ போன்ற அகன்ற வடிவங்களை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்தில் தெளிவாக வரைவது மிகக் கடினம். 1984இல் இந்திய அரசு பள்ளிகளில் தொடங்கிய ‘கிளாஸ்’ என்ற கணினி எழுத்தறிவுத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது பிபிசி மைக்ரோதான் என்பதால், அந்தக் கட்டங்களின் குறுகல் இந்திய வகுப்பறையையும் எட்டியது. கேம்பிரிட்ஜில் நியாயமாக இருந்த ஒரு சிக்கனம் இங்கு ஓர் எழுத்துமுறையின் விலக்கமாக மாறியது. அதற்காக அந்தப் பொறியாளர்களைக் குற்றவாளிகளாக்க முடியாது. தங்கள் நாட்டுப் பள்ளிக்காக அவர்கள் செய்த கருவி அது. ஆனால் அவர்களின் கணக்குப் புத்தகத்தில் பிற மொழிகளுக்கு ஒரு பத்தியே இருக்கவில்லை என்பதை வரலாறு பதிவு செய்தாக வேண்டும்.

மிக அதிகமாகப் பழிக்கப்பட்ட முடிவு ஐபிஎம் நிறுவனத்தின் 640 கிலோபைட் எல்லை. புளோரிடாவின் போகா ரேட்டனில் ஒரு சிறு குழு ஏறத்தாழ ஓராண்டுக் கெடுவுக்குள் உருவாக்கி 1981 ஆகஸ்ட் 12 அன்று அறிவித்த ஐபிஎம் பிசி, இன்டெலின் 8088 நுண்செயலியைக் கொண்டிருந்தது. உள்ளே 16 பிட்டுகளாகக் கணக்கிட்டாலும் வெளியே எட்டுப் பிட்டுகளாகவே தரவைக் கடத்தும் அந்தச் சில்லைவிட மோட்டோரோலாவின் 68000 உயர்ந்தது என்பதை அன்றைய பொறியாளர்களும் அறிவார்கள். ஆனால் எட்டுப் பிட் பாதைக்கு ஏற்ற துணைச் சில்லுகள் சந்தையில் மலிந்து கிடந்தன. நினைவகத்தை எட்டுச் சில்லும், பிழை காட்ட ஒன்றுமாக ஒன்பது சில்லு கொண்ட வரிசைகளில் அடுக்கலாம் என்பதால் 16 கிலோபைட் நினைவகமுள்ள அடிப்படைக் கணினியை 1,565 டாலருக்குக் கொடுக்கவும் முடிந்தது. 16 பிட் பாதை என்றால் தொடக்க வரிசைக்கே பதினெட்டுச் சில்லு வேண்டும். 8088 தொடக்கூடிய முகவரிகள் மொத்தம் ஒரு மெகாபைட். அதில் 640 கிலோபைட் நிரலுக்கும் மேலுள்ள 384 கிலோபைட் திரைக்கும் நிலையான நினைவகத்துக்கும் பிரித்து வைக்கப்பட்டன. அதற்கு முந்தைய தலைமுறைக் கணினிகளின் உச்ச எல்லை பொதுவாக 64 கிலோபைட் என்பதையும், ஐபிஎம் பிசியின் முதல் மதர்போர்டிலேயே 64 கிலோபைட்டுக்கு மேல் பொருத்த இடமில்லை என்பதையும் நினைத்தால், பத்து மடங்கு வளர்ச்சிக்கு வழிவிட்ட ஏற்பாடு அது. பழி சேர வேண்டிய இடம் வேறு. 16 மெகாபைட்வரை தொடவல்ல 80286 செயலியோடு ஐபிஎம் பிசி/ஏடி 1984இல் வந்த பிறகும் டாஸ் இயங்குதளமும் அதன்மேல் எழுதப்பட்ட நிரல்களும் பழைய வேலிக்குள்ளேயே தங்கிவிட்டன. 1985இல் லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாப்ட் ஆகிய மூன்றும் கூடி நினைவகத்தைத் துண்டுதுண்டாக எட்டிப்பார்க்கும் ஒட்டுவேலை ஒன்றை வகுக்க வேண்டியதாயிற்று. 1981இன் முடிவு சரியானது. அதைத் தாண்டாமல் நின்ற பின்னாளைய ஆண்டுகளே பொறுப்பேற்க வேண்டியவை.

ஐபிஎம் பிசியின் 4.77 மெகாஹெர்ட்ஸ் என்ற விசித்திரமான வேகத்துக்கும் இத்தகைய வரலாறு உண்டு. 8088 சில்லு 5 மெகாஹெர்ட்ஸ்வரை ஓட வல்லது. ஆனால் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்கு 1953இல் வகுக்கப்பட்ட நிற அலைவரிசையின் நான்கு மடங்கான 14.31818 மெகாஹெர்ட்ஸ் துடிப்பைத் தரும் ஒரே படிகத்தை வைத்து, அதை மூன்றால் வகுத்துச் செயலிக்கும், நான்கால் வகுத்து நிறத்துக்கும் கொடுத்தால் இரண்டாவது படிகம் தேவையில்லை. ஆப்பிள் இரண்டும் அதே 14.31818 எண்ணிலிருந்தே தன் வேகத்தைப் பெற்றது. இருபது விழுக்காட்டு வேகத்தை இழந்திருந்தால் அது தவறு. இங்கு இழந்தது ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு.

இவ்வளவு சொன்ன பிறகு, காலத்தைக் காட்டி எல்லாவற்றையும் மன்னிக்கும் போக்கையும் மறுக்க வேண்டியிருக்கிறது. ஆப்பிள் நிறுவனம் 1980 மேயில் அறிவித்த ஆப்பிள் மூன்று, 4,340 டாலரில் தொடங்கிய விலையோடு, அலுவலகங்களுக்கென்றே உருவானது. ஓசை எழக்கூடாது என்பதற்காக விசிறி வைக்கக்கூடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் வற்புறுத்தினார். நெருக்கமாக அடைக்கப்பட்ட சில்லுகள் தங்கள் குழிகளிலிருந்து நழுவின. கணினியைச் சில அங்குலம் தூக்கி மேசைமீது போட்டால் சில்லுகள் மீண்டும் உட்காரும் என்ற அறிவுரை பயனர்களுக்குச் சொல்லப்பட்டது. முதலில் விற்ற கணினிகளை மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. பணத்தட்டுப்பாடோ சில்லுத் தட்டுப்பாடோ இதற்குக் காரணமன்று. மலிவான விசிறி கடைகளில் கிடைத்தது, அதே நிறுவனத்தின் மூன்றாண்டு மூத்த கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 1980இன் அளவுகோலிலேயே அது தோற்ற வடிவமைப்பு.

கமடோர் 64 கணினியின் 1541 பிளாப்பி இயக்கி இன்னும் கசப்பானது. 64 கிலோபைட் நினைவகத்தை 595 டாலருக்குக் கொடுத்து 1982இல் சந்தையைக் கலக்கிய அந்தக் கணினி, தன் பிளாப்பியிலிருந்து ஒரு விளையாட்டைப் படித்து முடிக்கப் பயனரை நிமிடக்கணக்கில் காத்திருக்க வைத்தது. முந்தைய விக்-20 கணினியில் பயன்பட்ட 6522 என்ற சில்லின் நகர்வுப் பதிவகத்தில், அதாவது பிட்டுகளை வரிசையாக வெளித்தள்ளும் பகுதியில், பிழை இருந்தது. அதனால் ஒவ்வொரு பிட்டையும் நிரலே மெதுவாகத் தள்ளும் மாற்றுவழி பின்பற்றப்பட்டது. பிழையற்ற சில்லு கமடோர் 64இல் வந்த பிறகும், பழைய இயக்கியோடு ஒத்துப்போக வேண்டும் என்பதாலும் அவசரத்தாலும் அந்த மெத்தனம் அப்படியே நீடித்தது. இதைக் காலத்தின் கட்டாயம் என்று சொல்ல முடியாததற்குச் சான்று, இயக்கியின் மின்சுற்றில் ஒரு கம்பியைக்கூட மாற்றாமல், நிரலை மட்டும் மாற்றி எழுதி, அதே கருவியைப் பல மடங்கு வேகமாக ஓடவைத்த எப்பிக்ஸ் பாஸ்ட் லோட் போன்ற செருகுகள் 1984இலேயே விற்பனைக்கு வந்ததுதான். அந்த வேகம் பெட்டிக்குள் தொடக்கத்திலிருந்தே உறங்கிக்கொண்டிருந்தது.

பழைய கணினிகளைச் சேர்த்து வைக்கும் அருங்காட்சியகங்களும், அவற்றைப் பற்றித் தமிழில் எழுதுவோரும் செயலியின் பெயரையும் வேகத்தையும் குறிப்பதோடு நின்றுவிடக் கூடாது. ஆப்பிள் இரண்டின் அருகே, ஒரு கிலோபைட்டுக்கு வாங்கியவர் கொடுத்த 30 டாலரைக் குறியுங்கள். ஸ்பெக்ட்ரமின் அருகே, அதே ஆண்டு விற்ற பிபிசி மைக்ரோவையும் அதன் விலையையும் நிறுத்துங்கள். 1541 இயக்கியின் அருகே, அதை வேகப்படுத்திய அந்தச் சிறு செருகையும் வையுங்கள்.